தொடருணவகக் கொக்ரெயிலும் தொழிற்றிறனும்: ஒரு வரலாற்று நோக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெருந்தெருக்களின் ஓரங்களிலும் கடைத்தொகுதிகளிலும் ஒரே பெயருடனும் ஒரே அமைப்புடனும் காணப்படும் தொடருணவகங்களில் வழங்கப்பெறும் கொக்ரெயில் எனும் கலப்பு மதுவின் தரம் பற்றி, அந்நாட்டின் உணவு விமர்சகரிடையே நீண்டகாலமாகவே முறைப்பாடு உண்டு. அது அளவுக்கு மீறி இனிக்கின்றது, அதன் புளிப்பு பழத்தின் புளிப்பாக இல்லை, மதுவின் இயல்பான சுவை எங்கோ மறைந்துவிடுகின்றது என்பனவே அம்முறைப்பாட்டின் சாரம். இதற்கு வழக்கமாக இரு விளக்கங்கள் தரப்படுகின்றன. வெகுசனங்களின் சுவையுணர்வு தாழ்ந்தது, ஆகவே தாழ்ந்த பண்டமே விலைப்படுகின்றது என்பது ஒன்று. கம்பனிகளின் கஞ்சத்தனமே காரணம் என்பது மற்றையது. முன்னையது மேட்டிமை நோக்கு. பின்னையது வெறும் ஒழுக்கவியல் நோக்கு. இப்பண்டம் யாரால், எவ்வாறு, எத்தகைய உற்பத்தி உறவுகளுக்குட்பட்டு ஆக்கப்படுகின்றது என்ற வினாவை இவ்விரண்டுமே எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய பொருள் ஆய்வுக்குரியதா என நண்பர் சிலர் ஐயுறக்கூடும். தவறணைகளும் சாராயக் குத்தகைகளும் எமது உழைக்கும் மக்களின் வாழ்வை எவ்வளவு சீரழித்தன என்பதையும், அக்குத்தகைகளினூடே இலங்கையின் முதலாளி வர்க்கத்தின் ஒரு பகுதி எவ்வாறு மூலதனந் திரட்டியது என்பதையும் அறிந்த எமக்கு, மதுவைப் போற்றும் நோக்கம் சிறிதும் இல்லை. ஆயினும், வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் பேணப்பட்ட அறிவொன்று எழுத்தாகவும் பின்னர் இயந்திரமாகவும் மாறும்போது அவ்வறிவின் உடைமை எவரிடஞ் செல்கின்றது என்பது இலக்கிய வரலாற்று மாணவருக்கு அந்நியமான வினாவன்று. அதற்கு இதனைவிடத் தெளிவான உதாரணங் கிடைப்பது அரிது எனவே எமக்குத் தோன்றுகின்றது.

கொக்ரெயில் என்னும் சொல்லுக்குரிய மிகப் பழைய அச்சு வரைவிலக்கணங்களுள் நன்கறியப்பட்டது, 1806ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயோர்க் மாநிலத்து ஹட்சன் நகரிலிருந்து வெளிவந்த ஒரு பத்திரிகையிற் காணப்படுவதாகும். ஏதேனும் ஒரு வடிமது, சீனி, நீர், கசப்புச் சாறு ஆகிய நான்கும் சேர்ந்ததே கொக்ரெயில் என்று அது கூறியது. கூறியதோடமையாது, இதனை ஒரு கிண்ணம் விழுங்கியவன் வேறெதனையும் விழுங்கத் தயாராகி விடுவானாதலால் தேர்தல் வேட்பாளருக்கு இது பெரிதும் உதவும் என்று கிண்டலுஞ் செய்தது. (வாக்காளருக்கு மது வழங்கும் மரபு எமது தேர்தல்களுக்கே உரிய சிறப்பன்று என்பது இதனாற் பெறப்படும்.) பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கலவை ஒரு கைவினையாக வளர்ந்தது. அதற்கு அடிப்படையாயமைந்தவற்றுள் ஒன்று ஐஸ் வணிகம். பொஸ்ரன் நகர வணிகரான பிரடெரிக் ரியூடர் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றி, 1833இல் கல்கத்தா வரை அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் இன்றும் நிற்கும் பழைய ஐஸ் ஹவுஸ் கட்டடம் அவ்வணிகத்தின் எச்சமே. உலகெங்குஞ் சென்ற இப்பனிக்கட்டி உள்நாட்டு மதுச்சாலைகளில் மலிவாகக் கிடைத்தமையே குலுக்கியுங் கிளறியுங் குளிரச் செய்யும் கலையைச் சாத்தியமாக்கிற்று.

1862இல் ஜெரி தோமஸ் என்பார் வெளியிட்ட மது கலக்கும் கைந்நூல் இத்தொழிலின் முதலாவது பெரும் எழுத்துப் பதிவு. அந்நூலில் அராக் எனப்படும் கீழைத்தேயச் சாராயத்தைக் கொண்டு செய்யும் பஞ்ச் வகைகளும் உள. அமெரிக்காவுக்கு வந்த அராக்கிற் பெரும்பகுதி பத்தேவியாவில் வடிக்கப்பட்டது. உண்மையான அராக் கிடைக்காதவிடத்து, றம்மிற் சாம்பிராணிச் சத்தைக் கரைத்துப் போலியாக அம்மணத்தை உண்டாக்கும் முறையும் அக்காலக் கைந்நூல்களில் இடம்பெற்றது. போலிச்சுவை தொடருணவகங்களோடு தோன்றியது என எண்ணுவோர் இதனை மனங்கொள்ள வேண்டும். வேறுபாடு போலியிலில்லை. போலியை எங்ஙனஞ் செய்வதென்ற அறிவு 1862இல் கலப்பவனின் கையிலிருந்தது.

அதேவேளை, அந்தக் கைவினைக் காலத்தைப் பொற்காலமாகச் சித்திரிக்கவும் நாம் தயாரில்லை. அது ஆண்களின் காலம். பெரிதும் வெள்ளையரின் காலம். 1917இல் கொக்ரெயில் நூலொன்றை வெளியிட்ட ரொம் புலொக் என்ற கறுப்பினத்தவர், அவ்வாறு நூல் வெளியிட்ட முதலாவது ஆபிரிக்க அமெரிக்கராக மதிக்கப்படுகின்றார். சென்ற் லூயிஸ் நகரத்துச் செல்வர் கழகமொன்றில் அவர் பணியாற்றினார். நூலின் முகவுரையை எழுதியவர், பிற்காலத்து ஜனாதிபதிகள் இருவரின் முன்னோரான ஜோர்ஜ் ஹேர்பேட் வோக்கர். எசமானரின் நற்சாட்சியின்றித் தொழிலாளியின் அறிவு அச்சேற இயலாதிருந்தமை இங்கு வெளிப்படை. பெண்களின் நிலையோ இதனினும் மோசமானது. மிச்சிக்கன் மாநிலத்தில் ஐம்பதினாயிரம் பேருக்குக் குறையாத நகரங்களில், மதுச்சாலை உரிமையாளரான ஆணின் மனைவியோ மகளோ அல்லாத எந்தப் பெண்ணும் மது கலக்கலாகாது என 1945இற் சட்டம் இயற்றப்பட்டது. 1948இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதனைச் செல்லுபடியானதென ஏற்றது. கலிபோர்ணியாவில் இத்தகைய சட்டம் 1971இலேயே நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. இத்தடைகளுக்கு ஆதரவாக நின்றவற்றுள் மது கலப்போரின் தொழிற்சங்கங்களும் இருந்தன என்பதை முற்போக்காளராகிய நாம் மறைத்தலாகாது. தொழிற்றிறனைப் பேணுதல் என்ற சுலோகம் பிறரைப் புறத்தே நிறுத்துதற்கும் பயன்பட்டது.

1920 தொடக்கம் 1933 வரை நிலவிய மதுவிலக்கு இக்கைவினை மரபைப் பெரிதும் அறுத்தது. வல்லோர் சிலர் இலண்டனுக்கும் ஹவானாவுக்கும் பெயர்ந்தனர். பலர் வேறு தொழிலை நாடினர். மதுவிலக்கு நீங்கியபோது, பழைய மரபின் இடத்தில் புதியதொரு வணிக அமைப்பு தோன்ற வழி பிறந்தது. இவ்விடத்திற் சற்று விரிவாகவே நாம் தங்கவேண்டியுளது. ஏனெனில், தொடருணவகக் கொக்ரெயிலின் வரலாறு பலரும் எண்ணுவதுபோல எழுபதுகளில் இயந்திரத்தோடு தொடங்கவில்லை. முப்பதுகளில் ஓர் இரகசியத்தோடு தொடங்கியது.

ஏர்னெஸ்ற் கான்ற் என்ற இயற்பெயருடைய, பின்னர் டொன் பீச் எனத் தம் பெயரை மாற்றிக்கொண்டவர், மதுவிலக்கு நீங்கிய காலத்தில் ஹொலிவூட்டில் ஒரு சிறு மதுச்சாலையைத் தொடங்கினார். தென்கடற் தீவுகளின் மாயத் தோற்றத்தை மூங்கிலாலும் வலைகளாலும் உருவாக்கி, கரிபியன் றம் வகைகளைப் பழச்சாறுகளோடும் வாசனைத் திரவியங்களோடும் கலந்து வழங்கினார். ‘சொம்பி’ எனும் அவரது கலவை பெரும்புகழ் பெற்றது. கற்பனைப் பொலினீசியாவும் மெய்யான கரிபியன் தோட்டங்களின் றம்மும் ஒரே கிண்ணத்திற் சேர்ந்தன. அத்தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தோரின் வழித்தோன்றல்களைப் பற்றி அக்கிண்ணம் எதுவும் பேசவில்லை.

ஆனால் எமது பொருளுக்கு இன்றியமையாதது வேறொன்று. இம்மதுவைக் கலந்தவர்களிற் பலர் பிலிப்பைன்ஸ் தீவினர். 1898 முதல் அமெரிக்காவின் குடியேற்ற நாடாகவிருந்த அத்தீவுகளிலிருந்து வந்த இளைஞர் கலிபோர்ணியாவின் வயல்களிலும் சமையலறைகளிலும் மலிவான உழைப்பாளராகினர். 1934இல் இயற்றப்பட்ட சட்டமொன்று அவர்களின் குடிவரவை ஆண்டுக்கு ஐம்பது பேர் என வரையறுத்தது. இத்தொழிலாளர் அந்த ஹொலிவூட் மதுச்சாலையின் பின்புறத்தில் நாள்தோறும் கலவைகளைச் செய்தனர். எனினும் தாம் கலப்பது யாதென முழுமையாக அறிய அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. போட்டியாளர் தமது ஆட்களை இழுத்துக்கொண்டு போனாலும் செய்முறை போகலாகாது என்பதற்காக, உரிமையாளர் முக்கியமான பாகுகளையும் சாறுகளையும் தாமே முன்கூட்டிக் கலந்து, பெயரற்ற போத்தல்களில் இலக்கமிட்டு வைத்தார். ‘இரண்டாம் இலக்கத்தில் இவ்வளவு, நான்காம் இலக்கத்தில் இவ்வளவு’ என்பதே தொழிலாளிக்கு அளிக்கப்பட்ட கட்டளை.

ஹரி பிரேவர்மன் 1974இல் வெளியிட்ட ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ என்ற நூலில், செயலிலிருந்து சிந்தனையைப் பிரித்தெடுத்து முகாமையின் தனியுடைமையாக்குதலே முதலாளித்துவ வேலையொழுங்கின் உயிர்நிலை எனக் காட்டினார். தாமே செப்புத் தொழிலாளியாக வேலை பழகியவராதலால் அவரது கூற்றுக்கு ஒரு தனி வலு உண்டு. அவர் காட்டிய உதாரணங்கள் பெரும்பாலும் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் உரியவை. இலக்கமிட்ட போத்தலோ அதே விதியை இயந்திரம் எதுவுமின்றியே காட்டுகின்றது. இங்கு கலவை இழிந்ததன்று. மதுவறிஞர் பலர் அதனை மிகச் சிறந்ததென்றே மதிக்கின்றனர். தரங் குன்றுமுன்னரே தொழிலாளியின் அறிவு பறிக்கப்பட்டுவிட்டது என்பதே கவனத்துக்குரியது.

இக்கதைக்கு ஒரு பின்னிகழ்ச்சி உண்டு. பல தசாப்தங்களின் பின்னர், ஜெவ் பெறி என்ற ஆய்வாளர் சொம்பியின் ஆதிச் செய்முறையைத் தேடியலைந்தார். அச்சான நூல்களில் அது இருக்கவில்லை. அங்கு பணியாற்றிய டிக் சந்தியாகோ என்பவரின் சட்டைப்பைக் குறிப்பேடு, 1937ஆம் ஆண்டுக்குரியது, அவரது மகளிடமிருந்து கிடைத்தது. அதிலுங்கூட முக்கிய பொருளொன்று ‘டொன்னின் கலவை’ எனக் குறியீடாகவே காணப்பட்டது. பழைய தொழிலாளரையும் அவர்களது உறவினரையும் விசாரித்தே, அது பம்பளிமாசை ஒத்த கிறேப்புறூட் பழச்சாறும் கறுவாப்பாகுஞ் சேர்ந்ததென அவர் அறிந்தார். 2007இல் நூலாக வெளியிட்டார். முதலாளி மறைத்த அறிவைத் தொழிலாளர் தம் கையெழுத்தில் துண்டுதுண்டாகத் திருடி வைத்திருந்தனர் என்று கூறலாம். திருட்டு என்ற சொல் இங்கு பொருந்துமாயின். அம்மதுச்சாலையின் ஆரம்பகாலத் தொழிலாளருள் ஒருவரான றே புஹென் 1961இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் சொந்தமாக ஒரு சிற்றறை மதுச்சாலையைத் திறந்தார். அங்கு கலப்பவரும் அறிபவரும் உடைமையாளரும் ஒருவரேயாகினர்.

டொன் பீச்சின் உணவகம் அவரது முன்னாள் மனைவியின் நிருவாகத்திற் பல நகரங்களுக்குப் பரவியது. அவரது மதுச்சாலையைப் பார்த்துத் தம் கடையை மாற்றியமைத்த ஒக்லண்ட் நகரத்து விக்ரர் பேர்ஜரனின் ‘ட்ரேடர் விக்ஸ்’ அதனினும் விரிவாகப் பரவிற்று. பேர்ஜரன் 1944இல் தாம் ஆக்கியதாகக் கூறிய ‘மாய் தாய்’ என்ற கலவையின் வரலாறு, தரம் என்பது எதிலே தங்கியுள்ளது என்பதற்கு நல்ல சான்று. அவரது கூற்றுப்படி அது ஜமேக்காவின் பதினேழாண்டு முதிர்ந்த குறிப்பிட்டவொரு றம்மையும், தேசிப்புளியையும், தோடம்பழ மதுவையும், வாதுமைப் பாகையுங் கொண்டது. கலவை பிரபலமாகவே அந்த றம்மின் இருப்புத் தீர்ந்தது. பின்னர் இளைய றம், அதன்பின் பல றம்களின் கலப்பு எனப் படிப்படியாக இறங்கவேண்டியதாயிற்று. பதினேழாண்டு காத்திருந்த பண்டமும், கிளை மேற் கிளையாய்ப் பெருகும் மூலதனமும் ஒரே வேகத்திற் செல்லமாட்டா. 1953இல் அக்கலவை ஹவாயின் உல்லாசப் பயண ஹோட்டல்களுக்குச் சென்றது. அங்கு காலப்போக்கில் அன்னாசிச் சாறு சேர்ந்து, இன்று பலர் மாய் தாய் எனக் கருதும் இனிப்புப் பானமாயிற்று. அன்னாசித் தோட்டங்கள் அத்தீவுகளின் பொருளாதாரத்தில் முக்கிய இடம் வகித்த காலம் அது.

ட்ரேடர் விக்ஸ் ஹில்ரன் ஹோட்டல்களோடு சேர்ந்து நாடு கடந்தது. 1958இல் திறக்கப்பட்ட ஹவானா ஹில்ரனிலும் அதன் கிளையொன்று அமைந்தது. 1959 ஜனவரியிற் பிடல் காஸ்ட்ரோவும் தோழர்களும் அந்த ஹோட்டலையே தமது தலைமையகமாக்கினர். 1960இல் அது நாட்டுடைமையானது. றம்மின் தாயகங்களுள் ஒன்றிலேயே, போலிப் பொலினீசிய உணவகத்தின் வாயிலைக் கடந்து புரட்சிப் படையினர் உள்ளே சென்ற காட்சியை எந்த நாடகாசிரியரும் எளிதிற் கற்பனை செய்திருக்கமாட்டார்.

அறுபதுகளின் நடுப்பகுதியில் நிலைமை வேறு திசையில் மாறிற்று. 1965இல் அலன் ஸ்ரில்மன் நியூயோர்க் நகரின் முதலாம் அவெனியூவில் ‘ரி.ஜி.ஐ. பிரைடேஸ்’ என்ற மதுச்சாலையைத் திறந்தார். தனித்து வாழும் இளம் ஊழியப் பெண்கள் தயக்கமின்றி நுழையக்கூடிய இடமாக அது அமைந்தது. அதே நகரின் பழைய மதுச்சாலையொன்று 1970 வரை பெண்களை உள்ளே விடவில்லை என்பதை நோக்கும்போது, இதனை முன்னேற்றமெனவே நாம் கொள்ளவேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் மெம்பிஸ், டலஸ் ஆகிய நகரங்களுக்குச் சென்ற அது, 1975இற் பெருங் கம்பனியொன்றின் கைக்கு மாறியது. இனிப்பான, பாலாடையும் பழமுஞ் சேர்ந்த கலவைகள் பெருகின.

தீர்க்கமான திருப்பம் டலஸ் நகரில் 1971இல் நிகழ்ந்தது. ரெக்ஸாஸ் மாநிலத்தில் அதுகாறும் தனியார் கழகங்களிலன்றிப் பொது உணவகங்களிற் கலப்பு மதுவைக் கிண்ணங் கிண்ணமாக விற்கச் சட்டம் இடந்தரவில்லை. 1970 நவம்பரில் வாக்காளர் அரசியலமைப்புத் திருத்தத்தை ஏற்றனர். அடுத்த ஆண்டே உணவகங்கள் மது விற்கத் தொடங்கின. மரியானோ மார்த்தினெஸ் என்ற மெக்சிக்க வம்சாவழியினரான இளைஞர் அவ்வாண்டில் ஓர் உணவகத்தைத் திறந்து, தம் தந்தை மின்கலக்கியில் அடித்து வழங்கிய மார்கரிற்றாவை விற்றார். ரெக்கீலா எனும் மெக்சிக்க வடிமது, தோடம்பழ மது, தேசிப்புளி ஆகியன அதன் கூறுகள். கூட்டம் நிரம்பிற்று, உடனேயே இரு முறைப்பாடுகளும் எழுந்தன. ஒரு கிண்ணம் போல் மற்றைய கிண்ணம் இல்லை என்றனர் நுகர்வோர். நாள் முழுதும் தேசிக்காய் வெட்டிப் பிழிந்து கை ஓய்ந்தது என்றான் கலக்குந் தொழிலாளி. இவ்விரு முறைப்பாடுகளும் ஒன்றே என்பதை நோக்குக. சோர்ந்த கை ஒரே சுவையைத் தரவியலாது. இதற்குப் பல தீர்வுகள் உண்டு: மேலும் ஒருவரை வேலைக்கமர்த்துவது அவற்றுள் ஒன்று. மார்த்தினெஸோ மறுநாள் செவன்-இலெவன் கடையொன்றிற் பிள்ளைகளுக்கான உறைபானம் வழங்கும் இயந்திரத்தைக் கண்டார். அதனை அவருக்கு விற்க அக்கம்பனி இணங்கவில்லை. பழைய மென் ஐஸ்கிறீம் இயந்திரமொன்றை வாங்கி, நண்பரொருவரின் துணையோடு கலவையைத் திருத்தித் திருத்திப் பரிசோதித்து, அவர் வெற்றி கண்டார். அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. சில ஆண்டுகளுள் அத்தகைய இயந்திரங்கள் நாடெங்கும் நிறைந்தன. அந்த முதல் இயந்திரம் 2005இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வரலாற்று அரும்பொருளகத்துக்குச் சென்றது.

மார்த்தினெஸை இழித்துரைப்பது எமது நோக்கமன்று. சிறு மூலதனத்தோடு போராடிய சிறுபான்மையினத்தவர் அவர். அவரது சாதுரியம் மெச்சத்தக்கது. ஆயின் இயந்திரம் சுவையை என்ன செய்தது என்பதை விளக்குதல் அவசியம். மதுசாரம் மிகுந்த கலவை அவ்வியந்திரத்தில் உறையாது. சீனி குறைந்த கலவையோ மென்மையான பனிக்கூழாகாது கரடுமுரடான கட்டியாகும். ஆகவே மது குறையவும் சீனி மிகவும் வேண்டும். மேலும், கடுங்குளிரில் நாவின் இனிப்புணர்வு மந்தமாவதால், இனிப்பு உணரப்படுவதற்கே இன்னும் சீனி வேண்டும். உடன்பிழிந்த தேசிச்சாறு சில மணி நேரத்திலேயே தன் மணத்தை இழக்கும். நாள்முழுதும் சுழலுங் கலனுக்கு அது உகந்ததன்று. சித்திரிக்கமிலமும் சீனியும் நிறமுஞ் சேர்ந்த தூளோ மாதக்கணக்கிற் கெடாது. தேசிக்காயின் புளிப்பு சித்திரிக்கமிலம் மட்டுமன்று. மலிக்கமிலமும் தோலின் எண்ணெயும் அதன் உயிர். அவையின்றிப் புளிப்பு நாவில் தட்டையாக விழும். முன்னர் விமர்சகர் கூறிய குறைகள் ஒவ்வொன்றும் இவ்வாறு இயந்திரத்தின் தேவையினின்றே பிறக்கின்றன. மக்கள் இனிப்பை விரும்பினர், ஆகவே இனிப்பு வழங்கப்பட்டது என்ற வாதம் காரண காரியத்தைத் தலைகீழாக்குகின்றது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தொடருணவகங்கள் விரிவடைந்தபோது, 1971இன் தர்க்கம் மதுச்சாலை முழுவதற்கும் விரிந்தது. புளிப்புக் கலவை, குழாய்த் துப்பாக்கியிலிருந்து பீறிடும் சோடா, அளவு தவறாது ஊற்றும் கருவி, தலைமையகம் அனுப்பும் படமிட்ட கைந்நூல் என்பன பழகிய கையின் இடத்தைப் பிடித்தன. தரம் என்ற சொல்லின் பொருளே மாறிற்று. கைவினைஞனுக்குத் தரமென்பது சிறப்பு. கம்பனிக்கு அது ஒருமைப்பாடு. ஒகையோவிற் குடித்தது புளோரிடாவிலும் அவ்வாறே இருப்பின் அது தரமானது. இரண்டாவது பொருளை முற்றாகப் பழிப்பதும் தவறு. ஏமாற்றப்படமாட்டோம் என்ற உறுதி, பயணக்களைப்பில் வரும் சாதாரண குடும்பத்துக்குச் சிறு விடயமன்று. ஆனால் அவ்வுறுதி எவரின் இழப்பில் வாங்கப்பட்டது என்பதே கேள்வி. சில வாரங்களிற் பயிற்றக்கூடிய தொழிலாளியைச் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். சார்ள்ஸ் பாபேஜ் 1832இலேயே கூறியதுபோல, வேலையைக் கூறுபடுத்தினால் ஒவ்வொரு கூற்றையும் மலிவாக வாங்கலாம்.

இதில் ஒரு முரண்நகை உண்டு. பிரைடேஸ் தன் வளர்ச்சிக் காலத்தில் தொழிலாளரைக் கடுமையாகப் பயிற்றியது. பெருந்தொகையான கலவைகளை மனனஞ் செய்வித்தது. அச்சூழலிலிருந்தே போத்தல்களை வானில் எறிந்து பிடிக்கும் வித்தை கிளர்ந்தது. 1986இல் அதற்கென நடத்திய போட்டியில் வென்றவர், 1988இல் வெளிவந்த ‘கொக்ரெயில்’ என்ற திரைப்படத்துக்காக நடிகர் ரொம் குறூஸுக்கு அவ்வித்தையைக் கற்பித்தார். கலவையின் உள்ளடக்கத்தின்மேல் தொழிலாளிக்கு அதிகாரங் குன்றியபோது, அவனது திறன் போத்தலின் வெளிப்புறத்தில், உடலசைவில், குடியேறிற்று. மனிதன் தன் படைப்பாற்றலை எங்காயினும் வெளிப்படுத்தவே செய்வான் என்பதற்கு இதனையும் ஒரு சான்றாகக் கொள்ளலாம். அக்கம்பனி 2024 நவம்பரில் கடன்தீர்க்க வகையின்றி நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது.

இந்நிலைக்கு எதிர்வினையாக, 1987இல் நியூயோர்க்கின் றெயின்போ றூமில் டேல் டிகுறோப் தூள்களையும் குழாய்த் துப்பாக்கியையும் விலக்கி உடன்பிழிந்த சாறுகளுக்குத் திரும்பினார். 1999 இறுதியிற் சாஷா பெற்றாஸ்கி திறந்த ‘மில்க் அன்ட் ஹனி’ ஒரு புதிய இயக்கத்துக்கு வித்திட்டது. இவர்கள் தொழிலாளிக்கு அறிவை மீட்டுக் கொடுத்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அம்மீட்பு உயர்விலைக்குள்ளேயே நிகழ்ந்தது. மத்தியதர வர்க்கத்தின் மேற்படையினர் தமது சுவையால் தம்மைப் பிறரினின்று வேறுபடுத்துவதற்கு அது வாய்ப்பாகவும் அமைந்தது. தொடருணவகத்தில் மார்கரிற்றா குடிப்பவரை அவர்கள் எள்ளி நகையாடும்போது, இயந்திரத்தின் பின்னால் நிற்கும் பெண்ணையும் சேர்த்தே எள்ளுகின்றனர் என்பதை உணர்வதில்லை.

அப்பெண்ணின் கூலியை நோக்கின் விடயம் தெளிவாகும். அமெரிக்கச் சட்டப்படி, நுகர்வோரிடம் சந்தோஷப் பணம் பெறும் தொழிலாளிக்குக் கம்பனி செலுத்தவேண்டிய அடிப்படைக் கூலி வேறு. 1966இன் சட்டத் திருத்தம் இதற்கு வழிவகுத்தது. அந்த அடிப்படைக் கூலி 1991இல் மணிக்கு 2.13 டொலராக இருந்தது. 1996இல், உணவக முதலாளிகளின் அமைப்பு கோரியவாறு, அது பொதுக் குறைந்தபட்சக் கூலியின் உயர்விலிருந்து துண்டிக்கப்பட்டது. பொதுக் கூலி 2009இல் 7.25 டொலரான பின்னரும் 2.13 அவ்வாறே நின்றது. கலிபோர்ணியா போன்ற சில மாநிலங்கள் இவ்வேறுபாட்டை ஏற்பதில்லை. உறைமார்கரிற்றாவின் பிறப்பிடமான ரெக்ஸாஸ் ஏற்கின்றது. குறைவை முதலாளி நிரப்பவேண்டுமெனச் சட்டங் கூறினும், வருமானத்தின் பெரும்பகுதி நுகர்வோனின் கைச்சில்லறையிலேயே தங்கியுள்ளது.

2017 ஒக்ரோபரில் ‘அப்பிள்பீஸ்’ என்ற தொடருணவகம் ஒரு டொலருக்கு ஒரு மார்கரிற்றா என விளம்பரஞ் செய்தது. அதன் சுவை பற்றிப் பத்திரிகைகளிற் பலர் நகைச்சுவையாக எழுதினர். பெருங்கலன்களில் முன்கூட்டிக் கலந்து வைத்தாலன்றி அவ்விலைக்குக் கட்டுப்படியாகாது என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது. நகைச்சுவையாளர் கணக்கிடாதது ஒன்றுண்டு. சந்தோஷப் பணம் விலையின் நூற்றுவீதமாகவே வழக்கத்திற் கொடுக்கப்படுகின்றது. ஐந்து டொலர்ப் பானத்தைக் கொணர்பவளுக்கு இருபது வீதத்தில் ஒரு டொலர் கிடைக்கும். ஒரு டொலர்ப் பானத்தைக் கொணர்பவளுக்கு இருபது சதமே கிடைக்கும். தட்டின் பாரமும், நடந்த தூரமும், கழுவவேண்டிய கிண்ணங்களும் இரண்டிலும் ஒன்றே. கூட்டம் மட்டும் பன்மடங்கு.